ஏற்றம் அறிந்து வாசிப்போம்

நுழையும்முன்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டால் எதையும் படித்துவிடலாம் என்று எண்ணுகிறோம். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கும் அதே கண்கள்தாம் கவிதையையும் அறிவியல் பாடத்தையும் அரசாணையையும் படிக்கின்றன. ஆயினும், இவை அனைத்தையும் ஒரே வேகத்தில், ஒரே முறையில் படிப்பவர் சிலவற்றில் நேரத்தை இழக்கிறார். சிலவற்றில் பொருளை இழக்கிறார். படிக்கும் பொருளுக்கும் படிக்கும் நோக்கத்திற்கும் ஏற்ப வாசிப்பு முறையை மாற்றிக்கொள்ளும் திறனை நீலகிரி மலைச் சூழலில் இருந்து சில சான்றுகளைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

ஒரு கடிதமும் ஒரு தவறும்

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே, தேயிலைத் தோட்டங்களின் நடுவே இருந்தது பள்ளி. ஒருநாள் இடைவேளையில், என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் முந்தானையில் பொதிந்து வைத்திருந்த கடிதம் ஒன்றை நீட்டினார். தேயிலை பறிக்கும் தொழிலாளி. கணவரை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய குடும்பம் ஆதலால், ஆசிரியரை அங்குள்ள வழக்கப்படியே அழைப்பார்.

“மாஸ்டர், இத ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. அவரோட காசு வெசயமா வந்திருக்கு.”

அடுத்த வகுப்புக்கு மணி அடிக்கும் நேரம். நாளிதழைப் புரட்டுவதுபோலக் கடிதத்தை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தேன். கணவருக்குச் சேரவேண்டிய தொகையைப் பெறச் சில சான்றுகளை 30 நாள்களுக்குள் அளிக்க வேண்டும் என்பது புரிந்தது. “ஒரு மாதம் இருக்கிறதம்மா, பதற வேண்டாம், பொறுமையாகச் சேர்த்துக் கொடுங்கள்” என்றேன்.

அவர் பதினைந்து நாள்களில் எல்லாச் சான்றுகளையும் திரட்டிக்கொண்டு சென்றார். காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டனர். கடிதத்தை மீண்டும் வாங்கிப் பார்த்தபோதுதான் நான் விட்ட சொல் கண்ணில் பட்டது. ‘இக்கடித நாளிலிருந்து 30 நாள்களுக்குள்’ என்று அதில் தெளிவாக இருந்தது. கடிதம் பல கை மாறி அவரிடம் வந்து சேரவே மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அவர் என்னிடம் வந்த அன்று எஞ்சியிருந்தவை ஒன்பதே நாள்கள்.

மீண்டும் முதலில் இருந்து விண்ணப்பித்து அத்தொகை கைக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அதற்குள் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மூத்த மகன் படிப்பை நிறுத்திவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். அந்த அம்மா என்னைக் குறைகூறவில்லை. “ஒங்க மேல என்ன மாஸ்டர் தப்பு?” என்றார். தவறு என்மேல்தான். முதுகலைத் தமிழ் படித்த எனக்கு எழுத்தும் தெரியும், சொல்லும் தெரியும், பொருளும் தெரியும். தெரியாமல் போனது ஒன்றுதான்: அந்தத் தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பது.

மலைத் தொடர்வண்டி கற்பிக்கும் பாடம்

மேட்டுப்பாளையத்தில் இருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலைத் தொடர்வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம், பயணமும் செய்திருக்கலாம். ஏறத்தாழ 46 கிலோ மீட்டர் நீளமுள்ள இப்பாதை, கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2200 மீட்டர் உயரத்தில் முடிகிறது. 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போக்குவரத்துத் தொடங்கியது.

மேட்டுப்பாளையத்தில் இருந்து கல்லாறு வரை சமவெளி. அங்கு வண்டி மற்ற வண்டிகளைப் போலவே வழுவழுப்பான தண்டவாளத்தில் ஓடுகிறது. கல்லாற்றைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் ஏறத்தாழ ஒவ்வொரு 12 மீட்டர் தொலைவுக்கும் பாதை ஒரு மீட்டர் உயர்கிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும். எனவே, கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் அதனைப் பல்லோடு பல்லாகப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அப்பகுதியில் எஞ்சின் பெட்டிகளை முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. சமதளப் பாதையில் மணிக்கு 30 கிலோ மீட்டர் வரை செல்லும் வண்டியின் உச்ச வேகம் பல்சட்டப் பகுதியில் மணிக்கு 13 கிலோ மீட்டர்தான்.

வண்டி ஒன்றே, பயணமும் ஒன்றே, பாதையின் தன்மைக்கு ஏற்ப வேகமும் பற்றும் மாறுகின்றன. சமவெளியில் பல்சக்கரத்தைப் பயன்படுத்துவது வீண். மலையில் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது ஆபத்து. வாசிப்பும் இத்தகையதே. எல்லாவற்றையும் மெதுவாகப் படிப்பது நல்ல வாசிப்பு ஆகாது. எல்லாவற்றையும் விரைந்து படிப்பதும் ஆகாது. ஏற்றம் எங்குத் தொடங்குகிறது என்பதை அறிவதே வாசிப்புத் திறன்.

படிக்கும் முன் மூன்று வினாக்கள்

எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் படிக்கத் தொடங்கும் முன் மூன்று வினாக்களை நமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டும்.

1. இதனை எதற்காகப் படிக்கிறேன்?
2. இது எத்தகைய எழுத்து?
3. இதைப் பற்றி எனக்கு முன்பே என்ன தெரியும்?

முதல் வினா நோக்கத்தைக் காட்டும்; இரண்டாவது முறையைக் காட்டும்; மூன்றாவது வேகத்தைக் காட்டும். நன்கு அறிந்த செய்தியை விரைந்து படிக்கலாம்; புதிய செய்தியில் நிதானம் வேண்டும். இம்மூன்றுக்கும் விடை காண அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைத்தான் நான் அந்தக் கடிதத்திற்குக் கொடுக்கவில்லை.

தேடல் வாசிப்பு

தேவையான ஒரு செய்தியை மட்டும் தேடிக் கண்டு, மற்றவற்றை விட்டுவிடுவது தேடல் வாசிப்பு. அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவது, வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடுவது, கால அட்டவணையில் வண்டியின் நேரத்தைப் பார்ப்பது ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. தேடுவது சொல்லா, எண்ணா, பெயரா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் கண் தானே அதனிடம் சென்று நிற்கும். அகரவரிசை, நாள் வரிசை, தலைப்பு, அட்டவணையின் நிரல் போன்றவை தேடலுக்கு வழிகாட்டிகள்.

எளிய முறை எனினும், தேடிக் கண்ட இடத்தில் சற்று நின்றே ஆக வேண்டும். மழைக்கால அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை, 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லி மீட்டர் வரை பெய்வதைக் ‘கனமழை’ என்றும், 115.6 முதல் 204.4 வரை பெய்வதை ‘மிகக் கனமழை’ என்றும், அதற்கு மேற்பட்டதை ‘அதி கனமழை’ என்றும் வகுத்துள்ளது. அறிவிப்பில் ‘நீலகிரி’ என்னும் பெயரைத் தேடிக் கண்டதும் பலர் நின்றுவிடுகின்றனர். அதற்கு அருகில் இருப்பது ‘மிக’ என்னும் சொல்லா, ‘அதி’ என்னும் சொல்லா என்பதைப் பார்க்க வேண்டும். 2009 நவம்பர் மழையில் நேர்ந்த நிலச்சரிவுகளில் பல உயிர்களை இழந்த மாவட்டம் இது. மலைச்சரிவில் வீடு உள்ளவர்களுக்கு அவ்விரு சொற்களும் ஒன்றல்ல.

மேலோட்ட வாசிப்பு

ஒரு நூலோ கட்டுரையோ எதைப் பற்றியது, நமக்குப் பயன்படுமா என்பதை விரைந்து அறிந்துகொள்ள உதவுவது மேலோட்ட வாசிப்பு. தலைப்பு, உள்தலைப்புகள், முதல் பத்தி, இறுதிப் பத்தி, ஒவ்வொரு பத்தியின் முதல் தொடர், படங்களின் கீழுள்ள குறிப்பு ஆகியவற்றை மட்டும் பார்த்துச் செல்வது இதன் வழி. நாளிதழ்களுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். செய்தியின் முதன்மையான கூறுகள் முதல் பத்தியிலேயே அமையும்படி நாளிதழ்ச் செய்திகள் எழுதப்படுவதே அதற்குக் காரணம்.

நூலகத்தில் நூலைத் தேர்ந்தெடுப்பதற்கும் இது இன்றியமையாதது. உதகையில் 1859-இல் தொடங்கப்பட்ட நீலகிரி நூலகம் போன்ற பழமையான நூலகத்தில் நுழைந்தால், சுவர் உயரத்திற்கு நிற்கும் அடுக்குகள் நம்மை மலைக்கச் செய்யும். அத்தனையையும் படிக்க ஓர் ஆயுள் போதாது. முன்னுரை, பொருளடக்கம், பின்னிணைப்பாக உள்ள சொல்லடைவு ஆகிய மூன்றையும் ஐந்து நிமிடம் புரட்டினால் நமக்கு உரிய நூல் எது என்பது தெரிந்துவிடும். சீர்காழியில் பிறந்தவரும் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுபவருமான சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது. அந்தப் பொறுப்பில் வாசகருக்கும் பங்குண்டு.

மேலோட்ட வாசிப்பு வாயிற்படியே அன்றி வீடு அன்று. ஒரு நூலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அதனைப் படித்துவிட்டதாகக் கூறுவதும், அதைக் கொண்டு முடிவு எடுப்பதும் பிழை.

தெரியுமா?

வரியைப் படிக்கும்போது கண்கள் சீராக நகர்வதில்லை. தாவுகின்றன, நிற்கின்றன, மீண்டும் தாவுகின்றன. நிற்கும் கணத்தில்தான் எழுத்து மனத்தில் பதிகிறது. பழக்கமான சொற்களைக் கண் தாண்டிச் செல்வதும் உண்டு. ‘நாளிலிருந்து’, ‘மட்டும்’, ‘தவிர’ போன்ற சொற்கள் நமக்கு மிகப் பழக்கமானவை. எனவே அவற்றையே நாம் எளிதில் தவறவிடுகிறோம்.

ஆழ்ந்த வாசிப்பு

பாடநூலையும் அறிவியல் கட்டுரையையும் படிக்கும்போது செய்தியை அறிவது மட்டும் போதாது. அது ஏன் அவ்வாறு உள்ளது என்பதும் விளங்க வேண்டும். உதகைக்கு அருகில் முத்தோரையில் உள்ள வானொலித் தொலைநோக்கி பற்றிய பின்வரும் தொடரைப் படியுங்கள்.

தொலைநோக்கியின் நீள் அச்சு, வடக்குத் தெற்காக, அவ்விடத்தின் அட்சரேகை அளவுக்குச் சமமான ஏறத்தாழ 11 பாகைச் சரிவில் அமைந்திருப்பதால் அது புவியின் சுழல் அச்சுக்கு இணையாக உள்ளது. எனவே, அந்த ஓர் அச்சைச் சுற்றித் திருப்புவதாலேயே ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து நோக்க இயல்கிறது.

ஒருமுறை படித்தால் சொற்கள் விளங்கும், பொருள் விளங்காது. இங்குப் பல்சக்கரம் தேவை. தொடரைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். முதல் துண்டு: தொலைநோக்கி சரிவில் உள்ளது. இரண்டாவது: அச்சரிவின் அளவும் இடத்தின் அட்சரேகை அளவும் ஒன்று. மூன்றாவது: ஆகவே அது புவியின் அச்சுக்கு இணை. இங்கே நின்று, ஒரு தாளில் வட்டம் வரைந்து, நிலநடுக்கோட்டுக்கு 11 பாகை வடக்கே ஒரு புள்ளி வைத்து, அப்புள்ளியில் தரைக்கும் புவி அச்சின் திசைக்கும் இடையிலான கோணத்தைப் பாருங்கள். அதுவும் 11 பாகையே என்பது தெரியும். புவி தன் அச்சில் ஒரு திசையில் சுழல, கருவியை அதே அச்சின் போக்கில் எதிர்த்திசையில் திருப்பினால், நோக்கும் பொருள் பார்வையில் இருந்து விலகாது. இப்போது, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அக்கருவியைக் கட்டச் சமவெளியை விட்டு ஏன் ஒரு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தனர் என்பதும் விளங்கும். அறிவியலாளர் கோவிந்து சுவரூப் தலைமையில் உருவாக்கப்பட்ட இக்கருவி 1970 முதல் இயங்கி வருகிறது.

ஒரே தொடருக்குப் பத்து நிமிடம் செலவாயிற்று. அது வீண் அன்று. இவ்வகை வாசிப்புக்குப் பென்சிலும் தாளும் துணைக்கருவிகள். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பிரான்சிசு ராபின்சன் 1940களில் ஐந்து படிநிலைகளை வகுத்தளித்தார்: முழுமையாக நோட்டமிடல், வினா எழுப்பல், படித்தல், நூலைப் பாராமல் சொல்லிப் பார்த்தல், மீள்பார்வை. இவற்றுள் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது நான்காவது. மூடிய நூலின்முன் நம்மால் சொல்ல முடிந்தது மட்டுமே நாம் கற்றது.

தமிழ் மரபில் வாசிப்பு முறைகள்

இச்சிந்தனை நமக்குப் புதிதன்று. ஒரே நூற்பாவுக்குப் பல நிலைகளில் உரை கண்டது தமிழ் மரபு. நன்னூல், காண்டிகையுரையின் கூறுகளாகக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. விரிவாக உரைப்பதனை விருத்தியுரை என்கிறது. கருத்துரை, செய்தியின் சாரத்தைத் தருகிறது. பதவுரை, ஒவ்வொரு சொல்லின்மேலும் நின்று பொருள் காண்கிறது. அகலவுரை, சொல்லாமல் விட்டதையும் சேர்த்து விளக்குகிறது. உரைகளில் இவை உரையாசிரியரின் பணி. உரையில்லாத தாளைப் படிக்கும்போது இவை நம் பணி. எங்குக் கருத்துரை போதும், எங்குப் பதவுரை வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபோது, உ. வே. சாமிநாதர் அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் எனப் பல நூல்களை முறையாகக் கற்றவராக இருந்தார். முதலியார் படிக்கத் தந்த சீவக சிந்தாமணி அவருக்குப் புதிய ஏற்றமாக அமைந்தது. மொழியறிவு மட்டும் அதற்குப் போதவில்லை. சமண சமயக் கருத்துகளை அறிய, அவ்வூரில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. நூல் கேட்கும் பின்னணி அறிவைத் தேடிப் பெறுவதும் வாசிப்பின் பகுதியே.

சொல்தோறும் நின்று வாசித்தல்

சட்டம், ஒப்பந்தம், அரசு அறிவிப்பு, விண்ணப்பம், மருந்துக் குறிப்பு ஆகியவற்றில் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழருள் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை வழங்க வகைசெய்தது. அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. கடலைக் கடந்து வந்த அக்குடும்பங்கள் தம்முடன் கொண்டுவந்த பொருள்களுள் மிகக் கவனமாகக் காத்தவை தாள்களே. யார், எங்கே, எந்த உரிமையுடன் வாழலாம் என்பதைத் தாளில் இருந்த சொற்களே முடிவு செய்தன.

இத்தகைய எழுத்தைப் படிக்கும்போது நான்கினைத் தனித்தனியே அடிக்கோடிட வேண்டும்.

நாள்: எந்த நாளில் இருந்து, எந்த நாளுக்குள்? கடித நாளா, பெற்ற நாளா?

ஆள்: யார் செய்ய வேண்டும்? ‘விண்ணப்பதாரர்’ வேறு, ‘நியமனதாரர்’ வேறு.

இணைப்பு: ‘குடும்ப அட்டை அல்லது ஆதார் அட்டை’ என்றால் ஒன்று போதும், ‘குடும்ப அட்டை மற்றும் ஆதார் அட்டை’ என்றால் இரண்டும் வேண்டும்.

வரம்பு: மட்டும், தவிர, நீங்கலாக, உட்பட, ஆயினும், உட்பட்டு. இச்சொற்களே ஒரு தொடர் தருவதை அல்லது மறுப்பதை முடிவு செய்கின்றன.

பூச்சிக்கொல்லிப் புட்டியின் உறையும் இவ்வாறே படிக்கத்தக்கது. அதில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் நச்சின் அளவைக் குறிக்கிறது. சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், அதனை அடுத்து நீலம், பச்சை குறைந்த அளவு நச்சுடையது. நிறத்தை ஒரு பார்வையில் அறியலாம். ஆனால், எத்தனை லிட்டர் நீரில் எவ்வளவு கலப்பது, தெளித்த எத்தனை நாள்களுக்குப் பிறகு கொழுந்து பறிப்பது, உடலுக்குள் சென்றுவிட்டால் முதலில் என்ன செய்வது என்பவற்றைச் சொல்தோறும் நின்று படித்தாக வேண்டும். ஒரே உறையில் இருவகை வாசிப்பும் தேவைப்படுகின்றன என்பது கருதத்தக்கது. வீட்டில் பெரியோர் படிக்க இயலாதவராக இருந்தால், உரக்கப் படித்துக் காட்டுங்கள். உரக்கப் படிக்கும்போது சொற்கள் தப்புவதில்லை.

கவிதையும் கதையும்

உரக்கப் படித்தல் கவிதைக்கும் உரியது. கவிதையில் ஓசையும் பொருளின் பகுதி. மௌனமாக விரைந்து படித்தால் அது மறைந்துவிடும். நீலகிரியின் தொல்குடிகளுள் ஒருவரான தோதவர் பாடல்கள் இதற்குச் சான்று. 1930களில் இம்மலைக்கு வந்து தோதவர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த மொழியியலறிஞர் எமனோ, தோதவர் பாடல்களில் தொடர்கள் இணையிணையாக வருவதை எடுத்துக்காட்டினார். அப்பாடல்களை ஒற்றை வரியாகப் படிப்பவருக்கு அவை கூறியது கூறலாகத் தோன்றும். இணையாகக் கேட்பவருக்கே அவற்றின் அழகு புலப்படும். கவிதையை முதலில் ஓசைக்காகவும், அடுத்துப் பொருளுக்காகவும், பின்னர் இரண்டும் சேர்ந்த அனுபவத்திற்காகவும் படியுங்கள்.

புதினத்திற்கு வேறு முறை. இராஜம் கிருஷ்ணன், நீலகிரியில் வாழும் படகர் சமுதாயத்தின் மாற்றங்களைக் ‘குறிஞ்சித்தேன்’ என்னும் புதினத்தில் சித்திரித்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைப் பின்புலமாகக் கொண்ட கதையை, ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்துக்கொண்டு படித்தால் கதையின் ஓட்டம் அறுபடும். அறியாத சொல்லை இடம் நோக்கி உணர்ந்து, மாந்தரோடு உடன் செல்ல வேண்டும். மகிழ்ச்சிக்காகப் பரந்து படிக்கும் இவ்வகையை அகன்ற வாசிப்பு என்பர். மொழிவளம் பெருக இதனினும் எளிய வழி வேறு இல்லை.

வினவும் வாசிப்பு

எழுதப்பட்டது எதுவாயினும் எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஓர் இடமும் காலமும் பார்வையும் உண்டு. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதும் குறிப்புகளை இன்றும் காணலாம். அவர் வந்த ஆண்டு உண்மை. கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் தங்கியதும் பின்னர் உதகையை உருவாக்கியதும் உண்மை. ஆனால், ‘கண்டுபிடித்தார்’ என்னும் சொல்லின்மேல் நின்று வினவுங்கள். தோதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் அதற்குமுன் எங்கிருந்தனர்? 1603-இலேயே பெனீசியோ என்னும் பாதிரியார் மலையேறித் தோதவரைச் சந்தித்துள்ளார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த போசளர் கல்வெட்டு ஒன்று, நீலமலையையும் தோதவரையும் குறிப்பிடுகிறது. அவ்வாறாயின், அச்சொல் யாருடைய கண்களால் பார்த்து எழுதப்பட்டது?

இவ்வாறு வினவுவது எழுதியவரைப் பழிப்பதற்காக அன்று; எழுத்தை முழுமையாக அறிவதற்காக. கைப்பேசித் திரையில் வரும் செய்திகளுக்கு இவ்வாசிப்பு இன்னும் தேவை. ‘மலைப்பாதை மூடப்பட்டது’ என்னும் செய்தி வந்தால், யார் சொன்னது, எந்த நாள் சொன்னது, வேறு எங்கு உறுதி செய்யலாம் என்னும் மூன்றையும் பார்த்த பின்னரே பிறர்க்கு அனுப்ப வேண்டும். சென்ற ஆண்டின் படம் இந்த ஆண்டின் அச்சமாக மாறுவதற்கு ஒரு விரல் அசைவு போதும்.

முறைகளைக் கலந்து பயன்படுத்துதல்

தேர்ந்த வாசகர் ஒரே அமர்வில் பல முறைகளைப் பயன்படுத்துவார். பாடநூலின் ஓர் இயலைப் படிப்பவர் முதலில் மேலோட்டமாக நோக்குவார். கடினமான பகுதியில் ஆழ்வார். ஆண்டையோ பெயரையோ மறந்தால் தேடல் வாசிப்பால் மீட்பார். ஐயம் தோன்றும் இடத்தில் வினவுவார். கல்லாற்றில் பல்சட்டத்தைப் பற்றிய வண்டி, குன்னூரில் அதை விட்டுவிட்டு மீண்டும் வழுவழுப்பான தண்டவாளத்தில் உதகைக்குச் செல்கிறது. பற்றவேண்டிய இடத்தில் பற்றுவதும் விடவேண்டிய இடத்தில் விடுவதும் அதற்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கடிதத்திற்குப் பிறகு, யார் எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் நான் நின்றுகொண்டு படிப்பதில்லை. அவரை அமரச் சொல்லி, நானும் அமர்ந்து, முதலில் கடிதத்தின் நாளை உரக்கப் படிக்கிறேன். பின்னர் ஒவ்வொரு வரியையும் அவர் கேட்கப் படிக்கிறேன். மணி அடித்துவிட்டால் மாலையில் வரச் சொல்கிறேன். மாணவர்களே, உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மேனிலைக் கல்வி பெறுபவராக இருக்கலாம். நாளை உங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் வரும் தாள்கள் உங்கள் கைக்குத்தான் வரும். அவற்றைப் பிரிக்கும் முன், இது சமவெளியா ஏற்றமா என்று ஒருமுறை பாருங்கள்.

கற்பவை கற்றபின்…

1. ஒரே நாளில் நீங்கள் படித்தவை அனைத்தையும் (பலகை, குறுஞ்செய்தி, பாடம், கதை, விண்ணப்பம்) பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் எம்முறையில் படித்தீர்கள், எம்முறையில் படித்திருக்க வேண்டும் என்பதை எதிரெதிரே எழுதுக.

2. உங்கள் வீட்டில் உள்ள அரசுக் கடிதம் அல்லது விண்ணப்பம் ஒன்றில் நாள், ஆள், இணைப்பு, வரம்பு ஆகிய நான்கையும் அடிக்கோடிட்டு, பெரியோர் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டி விளக்குக.

3. இப்பாடத்தில் உள்ள தொலைநோக்கி பற்றிய தொடரை வரைபடமாக மாற்றி வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. நீலகிரி மலைத் தொடர்வண்டிப் பாதையில் பல்சட்டம் அமைந்துள்ள பகுதி
அ) மேட்டுப்பாளையம் - கல்லாறு
ஆ) கல்லாறு - குன்னூர்
இ) குன்னூர் - உதகை
ஈ) பாதை முழுவதும்

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) அகராதி - அகன்ற வாசிப்பு
ஆ) ஒப்பந்தம் - மேலோட்ட வாசிப்பு
இ) கால அட்டவணை - தேடல் வாசிப்பு
ஈ) புதினம் - சொல்தோறும் நின்று வாசித்தல்

குறுவினா

1. படிக்கும் முன் எழுப்பிக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்கள் யாவை?

2. ‘அல்லது’, ‘மற்றும்’ ஆகிய சொற்கள் விண்ணப்பத்தின் பொருளை எவ்வாறு மாற்றுகின்றன?

சிறுவினா

1. ‘மேலோட்ட வாசிப்பு வாயிற்படியே அன்றி வீடு அன்று’ - விளக்குக.

2. காண்டிகையுரையின் கூறுகளை இன்றைய வாசிப்பு முறைகளோடு ஒப்பிடுக.

நெடுவினா

1. ஆசிரியர் கடிதத்தைப் படித்ததில் நேர்ந்த பிழையையும் அதன் விளைவையும் எடுத்துரைத்து, அதனை எவ்வாறு படித்திருக்க வேண்டும் என்பதைப் பாடத்தின் வழி நிறுவுக.